லூப்பரில் ‘ஙொய்ங்’ சத்தம்: வாசகர் கேள்வி–பதில்

லூப்பர் என்பது வாசித்ததைப் பதிந்துகொண்டு, காலால் ஒரு மிதி மிதித்ததும் அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும் பெட்டி. அதன் மேல் இன்னொரு வரி, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தனியாளாக மேடையேறுகிறவர்களுக்கு அதுவே பக்கவாத்தியம். ஆனால் இசையை அடுக்கும் அதே சிரத்தையோடு இரைச்சலையும் அடுக்கும். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் அந்த இரைச்சலைப் பற்றியவை.

கேள்வி: கிட்டார் வாசிக்கிறேன். முதல் பதிவு சுத்தமாக இருக்கிறது. நாலைந்து அடுக்கு போட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறலும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலும் கூடிவிடுகின்றன. லூப்பர் பழுதா? வேறு வாங்கலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் இரைச்சல் லூப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு வெறும் பதிவு போதும்.

லூப்பரை அடாப்டரில் ஓடவிடுங்கள் (பேட்டரியில் ஓடினால் இன்புட் ஜாக்கைப் பிடுங்கியதும் லூப்பர் போன்ற பல பெடல்கள், அதாவது காலால் மிதிக்கும் பெட்டிகள், அணைந்துவிடும்). கிட்டாரின் குமிழ்களை வழக்கமாக வாசிக்கும் அளவில் வைத்து, தந்திகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, எதுவும் வாசிக்காமல் 10 நொடி பதியுங்கள். அதே மௌனத்தை இன்னும் மூன்று முறை மேலே அடுக்குங்கள். இப்போது இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட்டு லூப்பை ஓடவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் கேட்டால் அது பதிவுக்குள் போய்விட்டது. லூப்பருக்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். லூப்பை அழித்த பிறகும், இன்புட் இல்லாமலும் இரைச்சல் தொடர்ந்தால் குற்றவாளி லூப்பரின் அடாப்டரோ, அதற்குப் பின்னால் உள்ள கேபிளோ, மிக்ஸரோ. பின்னால் இருந்து வரும் இரைச்சல் அடுக்க அடுக்க அதிகரிக்காது. உங்களுக்குக் கூடுகிறது என்றால் முன்னால்தான் தேட வேண்டும்.

ஏன் கூடுகிறது? சீறல் என்பது ஒழுங்கற்ற சத்தம். அடுக்குகள் இரட்டிப்பானால் அது 3 டெசிபல் ஏறும். நான்கு அடுக்கில் 6, எட்டில் 9. உறுமல் அப்படியல்ல. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஆடுகிறது. 4 நொடி லூப்பில் சரியாக 200 ஆட்டம் அடங்கும். அதனால் இரண்டாம் அடுக்கின் உறுமல் முதல் அடுக்கின் உறுமல் மீது ஏடு மேல் ஏடு வைத்ததுபோல் உட்கார்ந்துவிடும். அப்போது ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 6 டெசிபல். நான்கு அடுக்கில் 12. மின்சார அலைவெண் கொஞ்சம் அப்படி இப்படி நகர்வதால் சில நாள் அடுக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் செய்யும். ‘நேற்று நன்றாக இருந்தது, இன்று உறுமுகிறது’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

செய்ய வேண்டியவை: வாசிக்காத நேரத்தில் ஓவர்டப்பை (பழைய அடுக்கின் மேல் புதியதைப் பதியும் நிலையை) அணைத்துவிடுங்கள். அது எரிந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரு மௌன அடுக்கு சேர்கிறது. மௌனம் என்றாலும் இரைச்சலோடு கூடிய மௌனம். நம் கைக்கு வரும் லூப்பர்களில் பாதி இரைச்சல் இந்தப் பழக்கத்தால் வருவதுதான். அடுத்து, நாய்ஸ் கேட் பெடல் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் வழியை மூடிவிடுவது) வைத்திருந்தால் அது ஓவர்டிரைவுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலுக்கு) பின்னால், லூப்பருக்கு முன்னால் இருக்க வேண்டும். லூப்பருக்குப் பின்னால் வைத்தால் லூப்பின் வால்களையெல்லாம் வெட்டிவிடும். உள்ளே பதிந்த இரைச்சல் வாசிப்போடு சேர்ந்து வெளியே வரத்தான் செய்யும். கேட் மூடிக்கொள்ளும் அளவைக் குறிக்கும் குமிழை இரைச்சல் அடங்கும் இடம்வரை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். கேட் மூட எடுக்கும் நேரம் 100–200 மில்லி நொடிக்குக் கீழே போனால் நீண்ட ஸ்வரங்களின் முடிவு கத்தரித்ததுபோல் ஒலிக்கும்.

கம்ப்ரெஸ்ஸரை (பெரிய ஒலியை அடக்கிச் சிறிய ஒலியைத் தூக்கும் பெடலை) லூப்பருக்கு முன்னால் அதிகம் திருகி வைத்திருந்தால் குறையுங்கள். சத்தம் இல்லாத நேரத்தில் அது இரைச்சலைத்தான் தூக்கிக் காட்டும். கடைசியாக அளவு: பலமாக மீட்டும்போது லூப்பரின் பீக் விளக்கு எப்போதாவது மின்னுகிற அளவுக்கு உள்ளே அனுப்புங்கள். மெதுவாகப் பதிந்துவிட்டுப் பிறகு மிக்ஸரில் ஏற்றினால் ஏறுவதில் பாதி இரைச்சல்.

ஃபீட்பேக் குமிழ் (பழைய அடுக்குகள் அடுத்த சுற்றுக்கு எவ்வளவு பலமாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது) உள்ள கருவி என்றால் இன்னொரு வழியும் உண்டு. அதை 90 சதவீதத்தில் வைத்தால் பழைய அடுக்குகள் சுற்றுக்கு ஏறத்தாழ 0.9 டெசிபல் தேயும். ஓவர்டப் ஓடிக்கொண்டே இருந்தாலும் சீறல் மொத்தமாக 7 டெசிபல் ஏறி அங்கேயே நின்றுவிடும். முதல் வரியும் கூடவே தேயும் என்பதுதான் விலை. பத்துச் சுற்றில் 9 டெசிபல் போய்விடும்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து தாளம் லூப்பருக்குப் போகிறது, லூப்பரிலிருந்து மிக்ஸருக்கு. மவுஸை நகர்த்தினால்கூட ‘கீ…ச்’ என்று ஒரு சத்தம். சார்ஜரின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால் போய்விடும் என்கிறார் ஒலி அமைப்பாளர். செய்யலாமா? — திருச்சி வாசகர்

பதில்: கூடாது. சத்தம் போகும்தான். ஆனால் சார்ஜரில் இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் உங்கள் லூப்பரின் உலோகப் பெட்டி வழியாக மைக்கைத் தொடும் வாய்வரை வரலாம். எர்த் பின் இருப்பது அதற்காகத்தான்.

லேப்டாப் சார்ஜர் வழியாக ஒரு எர்த், மிக்ஸரின் மின்கம்பி வழியாக இன்னொரு எர்த். இரண்டையும் உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) சேர்த்துவிடுகிறது. ஒரு வளையம் உருவாகி, லேப்டாப்பின் உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் மிச்சம் ஷீல்டு வழியாகப் போகிறது. உங்கள் காதில் விழும் கீச்சு ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் என்றால் அது யுஎஸ்பியின் துடிப்பு: சாதாரண வேக யுஎஸ்பி நொடிக்கு 1,000 முறை கணக்குப் பார்த்துத் துடிக்கிறது. உயர்வேகத்தில் அது 8,000. காதைக் குத்தும் விசில் மாதிரி இருக்கும்.

சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் வளையம்தான் காரணம். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்றால் பேட்டரியிலேயே வாசித்துவிடலாம். காசு செலவில்லாத தீர்வு. நீண்ட நிகழ்ச்சிக்கு லேப்டாப், லூப்பர், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுங்கள். வளையம் சிறிதாகி, சத்தம் பாதியாகக் குறையலாம். முழுதாகப் போக வேண்டுமானால், லேப்டாப்புக்கும் லூப்பருக்கும் நடுவில் ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். லூப்பருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் என்றால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (எர்த் இணைப்பை அறுக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பெட்டி, அதாவது கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மரில் மலிவுச் சரக்கு வாங்கினால் தவில், பேஸ் போன்ற கீழ்ஒலிகளில் கரகரப்பு வரும். அதில் சிக்னலை 6 டெசிபல் குறைத்து அனுப்பிப் பாருங்கள்.

யுஎஸ்பி ஐசொலேட்டர் விற்கிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஏடியூஎம்3160 சிப்தான் இருக்கும். அது 12 மெகாபிட்வரைதான் போகும். மிடி (எந்த ஸ்வரம், எப்போது என்ற கட்டளைகளை மட்டும் அனுப்பும்) கேபிளுக்குப் போதும். உயர்வேக ஆடியோ இன்டர்ஃபேஸ் அதில் வேலை செய்யாது. கேபிளைச் சுற்றிக் கவ்வும் கறுப்பு ஃபெரைட் வளையம் வானொலி அலைவரிசைத் தொல்லைக்கு உதவும்; இந்தக் கீச்சுக்கும் உறுமலுக்கும் அது வெறும் அலங்காரம்.

ஈயம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேபிள் சொல்கிறோம். மிக்ஸரின் இன்புட் பேலன்ஸ்டு (இரண்டு சிக்னல் கம்பியும் தனி ஷீல்டும் ஏற்பது) என்றால், இரண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள மைக் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். லூப்பர் முனையில் சாதாரண மோனோ ஜாக்: சிவப்பு நுனிக்கு, கறுப்பும் ஷீல்டும் சேர்த்து ஸ்லீவுக்கு (ஜாக்கின் அடிப்பகுதி உலோகத்துக்கு). மிக்ஸர் முனையில் மூன்று தொடர்புள்ள ஜாக்: சிவப்பு நுனிக்கு, கறுப்பு நடு வளையத்துக்கு, ஷீல்டை வெட்டி டேப் சுற்றி விட்டுவிடுங்கள். சிக்னல் போகும், வளையம் அறுபடும். ‘மிக்ஸர் முனை’ என்று அந்த ஜாக்கில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் யாராவது திருப்பி மாட்டுவார்கள்.

கேள்வி: எல்லாப் பெடல்களும் ஒரே அடாப்டரில், கிளை பிரியும் வயரில். லூப்பரைச் சேர்த்ததும் மற்ற பெடல்களில்கூட விசில் வருகிறது. — யாழ்ப்பாண வாசகர்

பதில்: லூப்பர் உள்ளே ஒரு சிறு கணினி. அதன் மின்சுற்று விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டம் பொதுவான கிரவுண்ட் கம்பி வழியாக மற்ற பெடல்களுக்கும் தெரிகிறது. லூப்பருக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பெடல்கள் ஐந்துக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் பவர் சப்ளை வாங்குங்கள். ‘பல வெளியீடு’ என்று எழுதியிருப்பதெல்லாம் ‘பிரிந்த வெளியீடு’ அல்ல. உள்ளே ஒரே கம்பியை எட்டாகக் கிளைத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் இரண்டு வெளியீடுகளின் மைனஸ்களுக்கு நடுவே தொடர்ச்சி பாருங்கள். பீப் அடித்தால் பிரியவில்லை.

வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரை மாட்டிவிடாதீர்கள். பெடல்களுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட், நடுவில் மைனஸ். ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ், பல 12 வோல்ட். மில்லி ஆம்பியர் அளவு பெட்டியில் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் மிதிக்கும் நேரத்தில் வோல்ட் சரிந்து லூப்பர் விக்கும்.

கேள்வி: வீணையில் குதிரைக்குப் பக்கத்தில் காண்டாக்ட் பிக்கப் ஒட்டி, மிக்ஸரின் லைன் இன்புட் வழியாக லூப்பருக்கு அனுப்புகிறேன். சத்தம் தகரம்போல் மெலிந்திருக்கிறது, உறுமலும் உண்டு. — தஞ்சாவூர் வாசகர்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தப் பிக்கப் ஒரு பீசோ வில்லை, அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் வில்லை. மின்னியல்படி பார்த்தால் ஒரு சிறு கெப்பாசிட்டர். 10 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். லைன் இன்புட்டின் தடை 10 கிலோ ஓம் என்றால், சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். வீணையின் உடம்பு முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது! அதே பிக்கப்பை 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் தேய்வு 16 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். லூப்பரின் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ இன்புட் பெரும்பாலும் 1 மெகா ஓம். முதலில் நேரே அதில் செருகிப் பாருங்கள். அப்புறமும் மிக்ஸர் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பீசோ ப்ரீஆம்ப் வேண்டும். பிக்கப்பிலிருந்து அது அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

உறுமலுக்கு: வில்லையின் வெறும் முகம் ஒரு ஆன்டெனா. அதன் மேல் மெல்லிய இன்சுலேஷன் டேப், அதன் மேல் ஒட்டும் செம்புத் தகடு. தகட்டை ஷீல்டு கம்பியோடு பற்றவையுங்கள். செம்பு வில்லையின் நடுப்புள்ளியைத் தொட்டால் சத்தமே வராது, கவனம். கேபிளை மிதித்தால் ‘கரகர’ என்கிறதா? உயர்தடைச் சுற்றில் கேபிள் வளைவதே சத்தமாக மாறும். கேபிளை வீணையின் அடியில் ஓரிடத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள்.

மேலே பாருங்கள், மின்விசிறி ஓடுகிறதா? மின்னணு ரெகுலேட்டர்கள் பல ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு பிக்கப்பில் ‘ர்ர்ர்’ என்று கேட்கும். முழு வேகத்திலோ, முற்றிலும் அணைத்தோ வைத்தால் நின்றுவிடும். நடு எண்ணில் வைத்துக்கொண்டு பதியாதீர்கள். மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள விளக்குகளுக்கும் இதே கதைதான்.

கேள்வி: தம்புரா சுருதியை லூப்பாக வைத்தால், சுற்று முடிந்து தொடங்கும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது. — மதுரை வாசகர்

பதில்: இதில் மின்சாரத்துக்குப் பங்கில்லை. தையல் பிரச்சினை. முடியும் கணத்தில் அலை மேலே இருந்து, தொடங்கும் கணத்தில் கீழே இருந்தால் ஸ்பீக்கர் ஒரே தாவாகத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் ‘டிக்’. இடைவெளி உள்ள தாளத்தில் அது மறைந்துவிடும். விடாமல் ஓடும் சுருதியில் மறைய இடமில்லை.

மேடையில் செய்யக்கூடியது இது. லூப்பருக்கு முன்னால் ஒரு வால்யூம் பெடல். அதை மூடிய நிலையில் பதிவைத் தொடங்குங்கள். ஒரு நொடி கழித்து மெல்லத் திறந்து சுருதியை ஏற்றுங்கள். லூப்பை மூடுவதற்கு ஒரு நொடி முன்பே மெல்ல இறக்கி, மௌனத்தில் மிதியுங்கள். இப்போது தையல் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அடுத்த சுற்றின் நடுவில் ஓவர்டப்பைப் போட்டு, பெடல் மூடியபடியே இருக்க, பள்ளம் வருவதற்குச் சற்று முன் ஏற்றி, தையலைத் தாண்டி, பள்ளம் முடிந்ததும் இறக்குங்கள். ஓவர்டப் தையல் மீது விடாமல் பதிவதால் அந்த அடுக்கில் வெட்டே இல்லை. கேட்பவருக்கு முடிவில்லாத ஒரே சுருதி. இரண்டு மூன்று நாள் பழகினால் கை தானாக வரும்.

கணினியில் தயாரித்து லூப்பரில் ஏற்றுகிறீர்கள் என்றால், எம்பி3 வேண்டாம். அந்த வடிவமே கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் சுற்று ‘விக்கும்’. வேவ் கோப்பாக வையுங்கள். வேகம் 80 என்றால் 8 அடிக்குச் சரியாக 6 நொடி, அதாவது 44.1 கிலோ ஹெர்ட்ஸில் 2,64,600 மாதிரிகள். அந்த எண்ணிக்கையிலேயே வெட்டுங்கள். தாளக் கோப்புக்கு இரு முனையிலும் 5 மில்லி நொடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது, இறக்குவது) போதும். சுருதிக்கு அப்படி ஃபேட் வைத்தால் ‘டிக்’ போய் ஒரு சிறு இமைப்பு வரும். அங்கே கடைசி அரை நொடியை வெட்டி எடுத்துத் தொடக்கத்தின் மேல் குறுக்கு ஃபேடாகக் கலந்துவிடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நார்மலைஸ் (ஒலி அளவைச் சரிசெய்வது) செய்யும்போது, டிசி ஆஃப்செட் (அலை பூஜ்யக் கோட்டிலிருந்து விலகி நிற்பது) நீக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இந்த ஒரு டிக் நல்ல டிக்.

கேள்வி: கிட் வாங்கி நானே செய்த பைபாஸ் பெட்டியை (ஓர் எஃபெக்ட் பெடலைச் சேர்க்கவும் விலக்கவும் செய்யும் சுவிட்ச் பெட்டி) லூப்பருக்கு முன்னால் வைத்திருக்கிறேன். சுவிட்சை மிதித்தால் ‘டப்’ என்று அடிக்கிறது, அதுவும் லூப்பில் பதிந்துவிடுகிறது. — சேலம் வாசகர்

பதில்: கடகடவென்று ஐந்தாறு முறை மிதியுங்கள். ‘டப்’ ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போனால், கோப்பிளிங் கெப்பாசிட்டரில் (ஒலியை மட்டும் கடத்தி நேர்மின்சாரத்தைத் தடுப்பதில்) தேங்கும் மின்னூட்டம்தான் காரணம். மருந்து: 1 மெகா ஓம், கால் வாட் ரெஸிஸ்டர் இரண்டு. பட்டைகள் பழுப்பு, கறுப்பு, பச்சை என்று இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு டீ விலைகூட வராது. அடாப்டரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, எஃபெக்டுக்குப் போகும் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒன்று, எஃபெக்டிலிருந்து வரும் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒன்று பற்றவையுங்கள். கால்கள் பெட்டியைத் தொடாமல் இருக்கக் குழாய் உறை போடுங்கள். அப்புறம் கெப்பாசிட்டரின் வெளிமுனை எப்போதும் பூஜ்ய வோல்ட்டிலேயே காத்திருக்கும். மிதித்தால் தாவ எதுவும் இல்லை. பீசோ பிக்கப் செருகுவீர்கள் என்றால் இன்புட்டில் 2.2 மெகா ஓம் போடுங்கள், கீழ்ஒலி காப்பாற்றப்படும்.

எத்தனை முறை மிதித்தாலும் ‘டப்’ ஒரே அளவில் இருக்கிறதா? எல்இடியின் ஒரு காலைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மிதியுங்கள். நின்றுவிட்டால் விளக்கு திடீரென இழுக்கும் மின்னோட்டம்தான் காரணம். அதன் கம்பிகளை ஆடியோ கம்பிகளிலிருந்து விலக்கிக் கட்டி, தொடர் ரெஸிஸ்டரைப் பெரிதாக்குங்கள். விளக்கு கொஞ்சம் மங்கலாகும், பரவாயில்லை.

‘டப்’ மைக் வழியாகப் போகிறது என்றால் அது காலின் சத்தம். லூப்பரின் கீழ் தடித்த ரப்பர் பாய், கண்டென்சருக்குப் பதில் டைனமிக் மைக், ஸ்டாண்டின் கால்கள் பலகையைவிட்டுத் தள்ளி. வாய்த்தாளக் கலைஞர்கள் பலர் 2013-இல் வந்த ஆர்சி-505 போன்ற மேசை லூப்பர்களுக்கு மாறியதில் ஒரு வசதி, விரலால் அமுக்கினால் மேடை அதிர்வதில்லை.

கேள்வி: ‘டிட்டிட்டி டிட்டிட்டி’ என்று இடையிடையே பதிகிறது. — வேலூர் வாசகர்

பதில்: கைபேசி. 2ஜி-க்கு இறங்கும்போது நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை வீசுகிறது. பெடல் பலகையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், அல்லது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் பயங்கர உறுமல். — விழுப்புரம் வாசகர்

பதில்: அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சதுர அலையில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படைப் பெருக்கங்கள் நிறைய. எந்த ஷீல்டும் முழுதாகத் தடுக்காது. பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் அந்த நேரத்துக்குப் பேட்டரி. இல்லையென்றால் அடுத்த முறை இன்வெர்ட்டர் மாற்றும்போது ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள். பவர் பேங்கிலிருந்து 9 வோல்ட்டாக ஏற்றித் தரும் வயர்கள் உண்டு, ஆனால் அவற்றில் பல தாமே விசில் அடிக்கும். லூப்பரோடு கடையிலேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 1990-களின் எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் புரோ என்ற பழைய லூப்பர் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறேன். எதுவும் செருகாமலே உறுமுகிறது. — சிங்கப்பூர் வாசகர்

பதில்: டிரான்ஸ்ஃபார்மரை முதலில் ஒரு மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள், அதன் காந்தப் புலமே காரணமாக இருக்கலாம். மாறவில்லை என்றால் உறுமலின் சுருதியைப் பாருங்கள். கைபேசியில் ஒரு ட்யூனர் போதும். 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் வளையம் அல்லது காந்தப் புலம். 100 என்றால் உள்ளே ரெக்டிஃபையரை (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதியை) அடுத்து நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வற்றிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். முப்பது வயதான பெட்டியில் அது இயற்கை. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும், ரேக்கில் மேலும் கீழும் நெருக்கி வைத்தால் சீக்கிரமே வற்றும்.

மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி தரம், துருவம் மாறாமல். தலை உப்பியிருப்பது மட்டும்தான் பழுது என்று நினைக்காதீர்கள், உப்பாமலும் வற்றும். ஒன்று போயிருந்தால் பவர் பலகையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் சிக்கனம். மின்கம்பியைக் கழற்றி, கெப்பாசிட்டரில் மீட்டர் வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். பெட்டிக்குள் மின்சாரம் நேரே வருவதால், இந்த வேலை பழகாதவர்கள் பவர் சப்ளை பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் இந்தப் பத்தியைக் காட்டினால் போதும்.